பறவைக்கு அளவெடுக்காதவர்

பள்ளி ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளின் உடையைப் பெற்றோரே தயார் செய்ய வேண்டும், அப்போதுதான் பிள்ளைக்குத் தைரியம் வரும் என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். என் வீட்டுக்காரர் தையல்காரர். கேட்கவா வேண்டும்?

ஐந்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகளுக்குப் பறவை வேஷம். "அளவு எடுங்கப்பா" என்று மூன்று நாள் அவர் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"போடி, பெத்தவனுக்குத் தெரியாதா உன் அளவு?" என்றார், தலை நிமிராமல்.

அவருடைய அளவு நோட்டில் தெருவே இருக்கிறது. யாருக்குத் தொப்பை போட்டது, யார் இளைத்தார்கள், எல்லாம் தேதியோடு. மகளின் அளவு மட்டும் மூன்றாம் வகுப்போடு நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்தே துணியை வெட்டினார். டேப்பை நான் தொடக் கூடாது என்பது கடைச் சட்டம்.

விழா அன்று காலையில்தான் உடை கைக்கு வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கொக்கி மாட்ட முடிந்தது. மேடையில் பாட்டு தொடங்கியதும் சிறகை விரிக்கக் கையைத் தூக்கினாள். அக்குளிலிருந்து இடுப்பு வரை பர்ரென்று கிழிந்தது. அரங்கமே சிரித்தது.

இவர் எழுந்து நின்று, "கையை இறக்குடி!" என்று கத்தினார்.

இறக்கினாள். மற்ற பறவைகள் பறந்து முடிக்கும்வரை நடுவில் அப்படியே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலில் ஒரு தப்பும் இல்லை என்று என்னிடம் காட்டினார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"உன்னை யாருடி இப்படி வளரச் சொன்னது?"