இருபத்திரண்டாவது வரி

கார்த்திகன் கணக்கில் சூரன் என்று பெயரெடுத்தவன். ஜெர்மனியில் ஹம் நகருக்குப் பக்கத்து ஊரில் உள்ள ஒரு சின்ன ஐஸ் ஹாக்கி கிளப்புக்கு ஆட்டக்காரர்களைப் பிடித்து அணியை நிரப்புவது அவனுடைய வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து ஓடிவந்து தொழிற்சாலையில் இரும்போடு மல்லுக்கட்டிய தகப்பனுக்கு, மகன் கோடைகாலத்திலும் பனிச்சறுக்குக்காரரைப் பற்றியே கவலைப்படுவது கடைசிவரை விளங்கவில்லை. விளங்காவிட்டாலும் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தார்.

அணிக்கு இருபத்திரண்டு பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து மாதம் முப்பத்தோராயிரம் யூரோ, அதற்கு மேல் கூடாது. இரண்டு வருடத்துக்கு முன் கிளப் கடனில் மூழ்கப் பார்த்தபோது லீக் போட்ட உச்சவரம்பு அது. ஒரு யூரோ கூடினாலும் ஆடுகிற அனுமதி போய்விடும். கொடுக்கிற வீடும் காரும்கூடச் சம்பளக் கணக்கில்தான் சேரும். கிளப் ஆள் ஒருவர் தன் வீட்டில் ஓர் அறையைச் சும்மா கொடுத்தாலும் முந்நூற்றெண்பது யூரோ என்று எழுதியாக வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பல பேர் படித்ததேயில்லை. கார்த்திகன் படித்திருந்தான்.

ஜூன் மாதத்து வியாழக்கிழமை. மறுநாள் மதியம் பட்டியல் லீக்குக்குப் போக வேண்டும். இருபது பேரோடு பேசி முடித்தாயிற்று. தீமோ என்ற தடுப்பாட்டக்காரனும் ஒரு முன்னணி ஆட்டக்காரனும்தான் பாக்கி. தீமோவுக்கு வீடு கொடுத்தால் முன்னணி ஆட்டக்காரனுக்குக் காசில்லை. காலையில் தீமோவோடு போனில் பேசி, வீடு வேண்டாம், மலைப்பக்கத்திலிருந்து காரிலேயே வந்து போகிறேன் என்று சொல்ல வைத்துவிட்டான். கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது.

கணினியில் தீமோ பெயரின் முதல் இரண்டு ஜெர்மன் எழுத்தைத் தட்டினான். மிச்சத்தைக் கணினி தானே நிரப்பியது. தில்மான்.

கார்த்திகன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான். போன வருடப் பட்டியலின் மேலேயே எழுதுவதால் பழைய பெயர் வந்து விழுகிறது, அவ்வளவுதான் என்று அவனுக்குத் தெரியும். அழித்தான். திரும்பத் தட்டினான். திரும்பவும் தில்மான் வந்து உட்கார்ந்தான்.

தில்மானும் மலைப்பக்கத்துப் பிள்ளைதான், இருபத்துமூன்று வயது. போன கோடையில் அவனும் வீடு கேட்டான். கார்த்திகன் அதைக் கணக்கிலிருந்து வெட்டிவிட்டான். அதைக் கேட்ட மனைவி பிரபாலினி, கறிக்கரண்டியும் கையுமாக வந்து நின்று சண்டை பிடித்தாள்.

"வீட்டுக்குக் கீழ எங்கட கெல்லர் அறை சும்மாதானேயப்பா கிடக்குது? மாட்ச் முடிஞ்சு படுத்திட்டுக் காலமை போகட்டும். உங்கட வீட்டு ஹோலில ஒரு காலத்தில ஊரில இருந்து வந்தவை எத்தினை பேர் படுத்து எழும்பினவை?"

"அது வேற, இது வேற. எழுதாமல் வச்சிருந்தால் லைசன்ஸ் போயிடும். எழுத எனக்கு இடமில்லை."

"ஒரு பாய் விரிக்கிறதுக்கும் லீக்கைக் கேக்கவேணுமோ?"

கேட்கத்தான் வேணும் என்றான் கார்த்திகன். அவன் சொன்னதில் ஒரு எழுத்துப் பிழையில்லை. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து வீட்டுக்கு ஓட்டிப்போன தில்மான் உறைபனி படிந்த வளைவில் மரத்தோடு மோதிச் செத்துப்போனான். யாரும் கார்த்திகனைக் குற்றம் சொல்லவில்லை. ஒருவராவது சொல்லியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. மாலை மங்கிய நேரங்களில், பிரபாலினி முதியோர் இல்லத்து இரவு வேலைக்குப் போன பிறகு, வீட்டின் அடியிலிருந்து வரும். கடக், கடக். பிறகு கதவில் ஒரு சின்னத் தள்ளு. பிறகு ஒன்றுமில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தால் தோட்டத்துப் பக்கக் கதவு பூட்டியபடி இருக்கும். யாரிடமும் அவன் சொல்லவில்லை. கணக்குச் சூரன் பேய்க்குப் பயந்தான் என்று கேட்டால் ஹம் முழுக்கச் சிரிக்கும்.

பட்டியலில் தீமோவின் பெயரை ஒரு வழியாக எழுதி முடித்தபோது அலுவலகக் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு மனிதர் வந்தார். கனத்த கைகள், இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒரு தேன் போத்தல். தில்மானின் தகப்பன். செத்த வீட்டில் பார்த்தது.

"நன்றி சொல்ல வந்தேன். முன்பே வந்திருக்க வேண்டும், மனைவிக்கு உடம்புக்கு ஏலவில்லை. இது எங்கள் தேனீக்களுடையது" என்றார் ஜெர்மனில்.

"எதற்கு நன்றி?"

"என் மகனுக்கு உங்கள் வீட்டில் இடம் கொடுத்ததற்கு. ஆட்டம் முடிந்தால் அங்கேதான் படுப்பேன் என்பான். ஜன்னல் புல்லோடு ஒட்டி இருக்குமாம், முள்ளெலிக் குட்டி வந்து எட்டிப் பார்க்குமாம். கதவில் யானைமுகச் சாமி ஒட்டியிருக்குமாம். உங்கள் மனைவி நீலப் பெட்டியில் சோறு வைத்துவிட்டுப் போவாராம். பையன் அப்படிச் சந்தோசமாகச் சொல்வான்."

முள்ளெலியும் பிள்ளையாரும் நீலப் பெட்டியும் கார்த்திகன் வீட்டுக் கெல்லர் அறையில்தான் உண்டு.

தகப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "காரில் இருந்ததென்று பொலிஸ் கொடுத்தது. எங்கள் வீட்டில் எதற்கும் சேரவில்லை. உங்களுடையதாக இருக்கும். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். படுக்க இடம் இருந்தும் அன்றைக்கு ஏன் புறப்பட்டான்?"

தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அந்த மனிதர் தேனை வைத்துவிட்டுப் போய்விடுவார். அந்தச் சொல் கார்த்திகனின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் சாவியைப் பார்த்த கண்ணை அவனால் எடுக்க முடியவில்லை. "சாவியையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்" என்றான்.

பிரபாலினி வேலை முடிந்து படுத்து அப்போதுதான் எழும்பியிருந்தாள். வாசலில் நின்றவரையும் அவர் கையிலிருந்த சாவியையும் பார்த்ததும் வழியை விட்டு ஒதுங்கினாள்.

"நான்தான் குடுத்தனான்" என்றாள் கார்த்திகனிடம், தமிழில். "உங்களுக்குத் தெரியக்கூடாது எண்டு அந்தப் பிள்ளையிட்டச் சொன்னனான். தெரிஞ்சா எழுதிப்போடுவியள், அவன்ர இடம் போயிடும் எண்டு."

கார்த்திகனுக்கு ஜனவரி நினைவு வந்தது. தெருவில் இரண்டு வீடு உடைத்துத் திருடிய மாதம். கெல்லரில் நடமாட்டம் கேட்ட மாதம். பிறகு பிப்ரவரியில் ஒரு ஞாயிறு காலை, மனைவி தூங்கிக்கொண்டிருக்க, கடையில் வாங்கி வைத்திருந்த பித்தளைத் தாழ்ப்பாளைத் தோட்டத்துக் கதவின் உட்பக்கம் நான்கு திருகாணியால் இறுக்கினான்.

தகப்பன் சாவியோடு, மகன் சொல்லியிருந்த தோட்டத்துக் கதவுப் பக்கம் சுற்றிப் போனார். "சேருகிறதா என்று பார்க்கிறேன்."

கார்த்திகன் கெல்லருக்கு இறங்கினான். பிள்ளையார் ஒட்டிய அறையைத் தாண்டிக் கதவின் முன் போய் நின்றான். தாழ்ப்பாளில் கை வைத்தான். அதற்குள் வெளியிலிருந்து சாவி நுழைந்தது.

கடக், கடக். பிறகு ஒரு சின்னத் தள்ளு. பிறகு ஒன்றுமில்லை.

நான்கு மாதமாகக் கேட்ட அதே சத்தம். இல்லை, அதற்கு முன்பே, தில்மான் செத்த அந்த ஞாயிறு இரவிலேயே கேட்டிருக்கிறான். மேலே குசினியில் தேநீர் குடித்துக்கொண்டு ஆட்டக் குறிப்பு எழுதியபோது கேட்டான். கள்ளன் ஏமாந்து போறான், தாழ்ப்பாள் நல்லாய் வேலை செய்யுது என்று தனக்குள் சிரித்துக்கூட இருந்தான். கீழே நின்றவன் மணியை அடிக்கவில்லை. அடித்தால் அணியில் இடம் போய்விடும் என்று பயந்து, களைத்த உடம்போடு திரும்பிக் காருக்கு நடந்திருக்கிறான். கார்த்திகன் தாழ்ப்பாளைப் பிடித்தபடி அழுதான்.

தாழ்ப்பாளை இழுத்துக் கதவைத் திறந்தான். தகப்பன் முதலில் அவன் முகத்தையும், பிறகு அந்தப் புதுப் பித்தளையையும் பார்த்தார்.

"எப்போது போட்டது?"

"பிப்ரவரி ஒன்பது. காலையில். அவன் இங்கே வந்து படுப்பது எனக்குத் தெரியாது. கேட்டபோது நான்தான் இடம் கொடுக்கவில்லை."

அந்த மனிதர் கையிலிருந்த தேன் போத்தலைப் படியில் வைத்தார். பூட்டிலிருந்து சாவியைக் கழற்றி, தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டு புல்வழியே நடந்து போனார்.

பிரபாலினி மேல்படியில் நின்றாள். "அண்டைக்கு ராத்திரி ஒன்பது நாப்பதுக்கு அந்தப் பிள்ளையின்ர ஃபோன் கோல் ஒண்டு எனக்கு வந்து கிடந்தது. நான் வேலையில, ஃபோன் லொக்கருக்குள்ள. அடுத்த நாள் காலமை வந்து இந்தக் கொண்டியைப் பாத்தனான்."

"நாலு மாசமாத் தெரியுமோ? ஏன் சொல்லேல்லை?"

"சொல்லி என்ன செய்யிறது? ஒராள் சுமந்தாக் காணும் எண்டு நினைச்சன்."

மறுநாள் மதியம் பட்டியல் போனது. தீமோவின் வரியில் வீடு, முந்நூற்றெண்பது என்று எழுதினான். இருபத்திரண்டாவது வரியில் யாரும் இல்லை. ஒரு ஆளைக் குறைத்து எப்படி ஆடுவது என்று பயிற்சியாளர் போனில் கத்தினார். கத்தட்டும் என்று விட்டான்.

அன்று மாலையே நான்கு திருகாணிகளையும் கழற்றிவிட்டான். மரத்தில் நான்கு ஓட்டைகள் தெரிந்தன. பிரபாலினி வேலைக்குப் போகுமுன் ஒன்றும் கேட்காமல் நீலப் பெட்டியில் சோறு போட்டு வைத்துவிட்டுப் போனாள். கார்த்திகன் கெல்லர் அறைக் கட்டிலில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இந்தமுறை சத்தம் கேட்டவுடன் எழுந்து போய்த் திறந்துவிட வேண்டும் என்று இருந்தான். அன்றைக்கும் அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தச் சத்தம் வரவேயில்லை.