மரியாதைக்குச் சொன்னது

என் வாய்க்குப் பூட்டுப் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். என்றைக்காவது கோபத்தில் எதையாவது பேசி மாட்டிக்கொள்வேன் என்று அவருக்குப் பயம். எனக்கும்தான். கடைசியில் நான் மாட்டியது மரியாதையாகப் பேசி. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

அரசு விருந்தினர் மாளிகையில் நான் மேற்பார்வையாளர். பெயர்தான் பெரிது, வேலை தற்காலிகம். வருஷா வருஷம் நீட்டிப்புக்காகக் கைகட்டி நின்று, இப்போதுதான் நிரந்தர ஆணை தயாராகி இயக்குநரின் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கடல் தாண்டிய நாட்டு ராணி ஒருவர் அரசுமுறைப் பயணமாக வந்து இறங்கினார். வயதானவர், கணவரை இழந்து அதிக நாள் ஆகவில்லை. கூடவே செயலாளர், டாக்டர், பணிப்பெண்கள், காவலர்கள் என்று ஒரு பட்டாளம். மாளிகையில் ஈ நுழைய இடமில்லை.

பயணம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. கிளம்பும் நாள் காலையில் பெட்டிகள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. ராணி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"நல்லா கவனிச்சுக்கிட்டீங்களாம். ரொம்ப சந்தோஷம்னு சொல்றாங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டபடி.

கிளம்பி நிற்கும் விருந்தாளியிடம் எல்லாரும் என்ன சொல்வோமோ, அதைத்தான் நானும் சொன்னேன். "அதுக்குள்ள என்னம்மா அவசரம்? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகலாமே."

அந்த மனுஷன் அதை அப்படியே மொழிபெயர்த்துத் தொலைத்தார்.

ராணி என்னைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார். செயலாளர் காவலர்களைப் பார்த்தார். பெட்டிகள் வந்த வழியே மாடி ஏறின. நான் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றேன். என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

தொலைபேசியில் இயக்குநர் காது கிழியக் கத்தினார். "அவங்களை யாரு இருக்கச் சொன்னது?"

"சும்மா ஒரு மரியாதைக்கு சார்..."

"மரியாதைக்கெல்லாம் பட்ஜெட் கிடையாதும்மா!"

அதன் பிறகுதான் விதியைச் சொன்னார். பயணத் தேதி முடியும் வரை செலவு நம் அரசுடையது. அதற்கு மேல் அவர்களாக விரும்பித் தங்கினால் அவர்களுடையது. நாமே இருக்கச் சொல்லித் தங்கவைத்தால் நம்முடையது. யாருடைய அனுமதியும் இல்லாமல் ஒருவர் இருக்கச் சொல்லியிருந்தால்? அது சொன்னவர் தலையில்.

என் சம்பளத்தில் அந்தப் பட்டாளத்துக்கு ஒரு வேளைச் சாப்பாடுகூடப் போட முடியாது. மாடியில் மணி அடித்தால் என் நெஞ்சு அடித்தது. பழம் கேட்டார்கள், கொடுத்தேன். சலவைக்குத் துணி வந்தது, அனுப்பினேன். வாசலில் கார்கள் ஓட்டுநர்களோடு சும்மா நின்றன. சும்மா நிற்கும் காருக்கும் வாடகை உண்டே! தோட்டத்தில் ஒரு காவலர் தண்ணீர்க் குழாயை மூடாமல் போனார். ஓடிப்போய் மூடினேன். என் வீட்டுக் குழாயைக்கூட அப்படி ஓடி மூடியதில்லை.

"நல்லவேளை, நம்ம வீட்டுக்குக் கூப்பிடாம விட்டே" என்றார் வீட்டுக்காரர் அன்று ராத்திரி. "இருக்கறது ஒரே ரூம். ராணியம்மாவைக் கட்டில்ல படுக்க வெச்சுட்டு நாம எங்க போறது?"

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. வேலை போச்சுன்னா தெரியும்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். அது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் இயக்குநரே வந்துவிட்டார். தோல்பையைத் தட்டிக் காட்டினார். "உங்க ஆர்டர் இதுக்குள்ளதான் இருக்கு. மாடிக்குப் போங்க. கூப்பிட்டது சும்மா வாய்வார்த்தைன்னு அவங்ககிட்டயே சொல்லுங்க. செலவு அவங்களோடதுன்னு அவங்க செயலாளர் ஒத்துக்கிட்டா உங்களுக்குக் கையெழுத்து. இல்லேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

வீட்டுக்கு வந்தவரிடம் போய், 'நான் உன்னை மனதாரக் கூப்பிடவில்லை' என்று எப்படிச் சொல்வது? மாடி ஏறினேன். மொழிபெயர்ப்பாளர், அந்தக் கண்ணாடிக்காரர், பின்னாலேயே வந்தார். எல்லாம் இந்த ஆளால் வந்த வினை என்று அவரை முறைத்தேன். பாவம், அவர் முகமும் வெளிறித்தான் இருந்தது.

ராணி காலணியைக் கழற்றிவிட்டு, ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியைக் காட்டி, கையில் ரெண்டு சுளையை வைத்தார். அதை வாங்கிக்கொண்டு எப்படிச் சொல்வேன்? ஆனாலும் சொன்னேன்.

"அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. நேத்து இருங்கன்னு சொன்னது சும்மா ஒரு மரியாதைக்கு. யாரு கிளம்பினாலும் அப்படித்தான் சொல்லுவோம். மனசுல ஒண்ணும் நினைச்சுச் சொல்லல. இப்ப இந்தச் செலவு என் தலையில விழுது. என் வேலையே போயிடும்."

கண்ணாடிக்காரர் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தார். ராணியின் விரல்கள் பழத்தின் மேல் அப்படியே நின்றன. பிறகு ராணி மெதுவாகப் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார்.

"தெரியும்னு சொல்றாங்க. அவங்களும் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அரண்மனைக்கு வர்ற எல்லார்கிட்டயும் இதையேதான் சொல்லுவாங்களாம். ஒரு தடவைகூட மனசாரச் சொன்னதில்லையாம். ஒருத்தரும் தங்கினதும் இல்லையாம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனா, அங்க யாரும் இல்ல. நேத்து நீங்க இருங்கன்னு சொன்னதும், சும்மா சொல்றீங்கன்னு தெரிஞ்சேதான் இருந்துட்டாங்களாம்."

ராணி செயலாளரை அழைத்து ஏதோ சொன்னார். செலவு முழுக்க அவர்களுடையது என்று எழுதிக் கையெழுத்தாகி வந்தது. என் வேலை தப்பித்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சந்தோஷம் வரவில்லை. ஆரஞ்சுச் சுளை இன்னும் கையிலேயே இருந்தது.

பெட்டிகள் மறுபடி வாசலுக்கு வந்தன. இயக்குநர் என் காதருகே வந்து பல்லைக் கடித்தார். "ஒரு வார்த்தை பேசக் கூடாது. கும்பிட்டுட்டு நில்லுங்க. அவங்க போனதும் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன்."

நான் கும்பிட்டேன். ராணி படி இறங்கினார். கார்க் கதவு திறந்திருந்தது. ஏறாமல் திரும்பி என் முகத்தையே பார்த்தார். வாசலில் இத்தனை பேர் நின்றும் ஒருத்தர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. அத்தனை பேருக்கும் அவர் கிளம்பினால் போதும். எனக்கு வந்ததே ஒரு கோபம்!

"அம்மா" என்றேன். இயக்குநரின் கை தோல்பையை இறுக்கிப் பிடித்தது. "அடுத்த தடவை என் வீட்டுக்கு வாங்க. இது மரியாதைக்குச் சொல்றது இல்ல. செலவு என்னோடது."

கண்ணாடிக்காரர் இயக்குநரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

ராணி ஏதோ கேட்டார்.

"உங்க வீட்டுல எத்தனை ரூம்னு கேக்கறாங்க."

"ஒண்ணுதான்."

அதைக் கேட்டதும் ராணி தன் பட்டாளத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஒரு விரலை மட்டும் உயர்த்தித் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார். அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.