ஆமையின் இடது காது

வேகமான பாட்டு போட்டு ஊரையே ஆட வைக்கிறவனுக்குப் பயம் கிடையாது. நடுவில் எவ்வளவு சொதப்பினாலும் அடிக்கிற அடியில் அது யார் காதிலும் ஏறாது. மெதுவான இசையை இசைத்தட்டில் போடுகிறவன் பாடுதான் திண்டாட்டம். கூடத்தில் ஒருவர் கரண்டியைக் கீழே வைத்தால்கூடக் கேட்கும். ஊசி ஒரு முடி அளவு தடுமாறினால் அதுவும் எல்லோருக்கும் கேட்கும். இருபது வருடம் மண்டபங்களில் காது கிழிய டிஜே வேலை பார்த்துவிட்டு, நாற்பத்தைந்து வயதில் இந்த மெதுவான வழிக்கு வந்தார் ஒருவர். தொழிலில் இருப்பவர்கள் உடனே ஆமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஒரு காபிக் கடையில் முதல் முறையாக இசைத்தட்டு போட வேண்டிய அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆமை பயந்தது ஊசிக்காக அல்ல, இடது காதுக்காக.

மூன்று மாதமாக அதற்குள் 'ஙீ' என்று ஒரு சத்தம். முதலில் ஃபிரிட்ஜ் என்றுதான் நினைத்தார். ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தார், சத்தம் அணையவில்லை. போகப் போக அந்தப் பக்கம் வெளிச் சத்தம் குறைந்து உள் சத்தம் கூடியது. காது போன டிஜேயை எவன் கூப்பிடுவான்? மனைவியிடம்கூட மூச்சு விடவில்லை. சொன்னால் கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போவாள். டாக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும். அதுவரைக்கும் அது வெறும் சத்தம்தானே!

அவள் இடது பக்கமிருந்து எது கேட்டாலும் "ஆமா" என்று ஒரு வார்த்தையைப் போட்டு ஒப்பேற்றினார்.

"பொருத்தமாத்தான் பேர் வச்சிருக்காங்க. ஆமை எதுக்கெடுத்தாலும் ஆமா போடுது" என்று அவள் கேலி செய்தாள். அவரும் சிரித்து வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக மூன்று நாளாகப் படுக்கையறைத் தரையில் இருபது இசைத்தட்டுகளைப் பரப்பி, அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்தார். மற்றவர்கள் தாளத்தைப் பார்த்து அடுக்குவார்கள். ஆமை, ஒரு தட்டு எப்படி முடிகிறது, அடுத்தது எப்படித் தொடங்குகிறது என்று பார்த்து அடுக்குவார். வந்து உட்காருகிறவன் வெயிலும் எரிச்சலுமாக வருவான். எடுத்த எடுப்பில் தாலாட்டினால் எழுந்து போய்விடுவான். முதல் மூன்று தட்டில் கொஞ்சம் நடை இருக்க வேண்டும். அப்புறம் அவனுக்கே தெரியாமல் படிப்படியாக இறக்க வேண்டும். ஒவ்வொரு உறையிலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டினார். 'குரல் உடனே வரும், ஜாக்கிரதை.' 'நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று, மறந்து தொலைக்காதே.'

எல்லாவற்றுக்கும் நடுநாயகமாக ஒரு தட்டு. அதன் முடிவில் ஒரே ஒரு வயலின் சுரம் நீண்டுகொண்டே போய் மெல்லத் தேயும். அது முழுக்க அடங்கிய நொடியில் அடுத்த தட்டின் பியானோ விழ வேண்டும். முந்தினாலும் நாசம், பிந்தினாலும் நாசம். அந்த உறையில் 'அடங்கும் வரை பொறு' என்று எழுதினார்.

காபிக் கடையின் மாடியில் நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள். கடைக்காரம்மா கைகூப்பி வரவேற்றார்.

"இன்னைக்கு மட்டும் நல்லா அமைஞ்சிடுச்சுன்னா, இனிமே ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நீங்கதான் சார்."

மனைவி கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். ஆமை ஹெட்போனை எடுத்தார். இந்தத் தொழிலில் ஒரு காது கூடத்துக்கு, ஒரு காது அடுத்த தட்டுக்கு. இத்தனை வருடமும் ஹெட்போனை இடது காதில்தான் வைத்தார். இன்று வலது காதில் மாட்டினார். அடுத்த தட்டைச் சரியான இடத்தில் பிடித்து வைக்க நல்ல காது வேண்டுமே என்று நினைத்தார். ஓடுகிற தட்டுதான் மனப்பாடமாயிற்றே, அதைக் கெட்ட காது பார்த்துக்கொள்ளும். மனுஷன் செய்த தப்பு அதுதான்.

முதல் ஒரு மணி நேரம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. நாற்காலிகளில் தோள்கள் தளர்ந்தன. நடுத்தட்டு வந்தது. பக்கத்துச் சுழல்மேடையில் அடுத்த தட்டைப் பியானோவுக்குச் சற்று முன்னால் விரலால் பிடித்துக்கொண்டு, வழக்கம்போலக் கண்ணை மூடினார். வயலின் நீண்டது. தேயட்டும் என்று காத்திருந்தார். இன்னும் நீண்டது. அடங்கும் வரை பொறு. பொறுத்தார். இவ்வளவு நீளமா இது?

கண்ணைத் திறந்தார்.

ஊசி தட்டின் நடுவே, கடைசிக் கோட்டில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. கருவியில் சத்தத்தின் அளவைக் காட்டும் விளக்குகள் எல்லாம் செத்துக் கிடந்தன. சுற்றுக்கு ஒரு முறை ஒரே ஒரு விளக்கு மட்டும் துடித்து அணைந்தது. தட்டு எப்போதோ முடிந்துவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருந்தது வயலினை அல்ல, தன் காதுக்குள் இருந்த 'ஙீ'யை.

நாற்பது பேரும் ஆடாமல் அசையாமல் அவரையே பார்த்தார்கள். எவ்வளவு நேரமாக? அவருக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் அவரைக் கொன்றது. எப்படியோ விரலை எடுத்துவிட்டார். பியானோ விழுந்தது. மிச்சத் தட்டுகளை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, விளக்குகளை மட்டும் பார்த்து ஓட்டினார். ஒரு பாட்டுகூட அவர் மனதில் நிற்கவில்லை.

முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. கடைக்காரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"நடுவுல எல்லாத்தையும் நிறுத்திட்டு, ஊசி சுத்துற அந்த டப் டப் சத்தத்த மட்டும் விட்டீங்களே சார்! முழுசா ஒரு நிமிஷம்! யாருக்கு வரும் அந்தத் தைரியம்? அடுத்த வாரமும் அதே மாதிரி விடணும்."

"விட்டுடலாம் மேடம்" என்றார்.

தட்டுப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். மனைவி வழக்கம்போல இடது பக்கமாக நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவரைப் பார்த்து அவள் உதடு அசைந்தது. அப்போது ஒரு பேருந்து கடந்தது.

"ஆமா" என்றார்.

அடுத்த திருப்பத்தில் மறுபடியும் அவள் உதடு அசைந்தது. இந்த முறை தெருவில் வண்டி எதுவும் இல்லை.

"ஆமா ஆமா. இன்னைக்கு வெயில் ஜாஸ்திதான்."

அவள் நின்றாள். அவரைச் சுற்றி வலது பக்கத்துக்கு வந்தாள். முகத்தில் கேலி இல்லை.

"நான் ஒண்ணுமே பேசலைங்க. ரெண்டு தடவையும் சும்மா வாயைத்தான் அசைச்சேன்."

அவர் பெட்டியைக் கை மாற்றிப் பிடித்தார்.

"அங்க எல்லாரும் பாட்டுல சொக்கிப் போயிருந்தாங்க. நான் உங்க மூஞ்சியைப் பார்த்துக்கிட்டிருந்தேன். கண்ணத் திறந்தப்போ பயந்து போயிருந்தீங்க." அவள் அவர் தோளைத் தொட்டாள். "உண்மையைச் சொல்லுங்க. அந்தக் காது கேக்கலையா?"

ஆமை பெட்டியைத் தரையில் வைத்தார். அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஆமா" என்றார்.