சடை போடும் கை

"ஏனுங்க, இந்த ரிப்பன் நுனியைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மகளுக்குச் சடை பின்னியபடி சாந்தாமணி கூப்பிட்டபோது சென்னிமலை டீ டம்ளரும் பேப்பருமாக உட்கார்ந்திருந்தார். "வாரேன், வாரேன்" என்றாரே தவிர நகரவில்லை. மூன்றாம் வகுப்புப் படித்த லோகப்பிரியா நுனியைத் தானே பல்லால் கடித்துக்கொண்டாள்.

"உங்கப்பாவைவிட உன்ர பல்லுக்குப் பொறுப்பு ஜாஸ்தி கண்ணு," என்று சிரித்துவிட்டு, சடையை முடித்துக் கிளம்பினாள் சாந்தாமணி. உடுமலைப்பேட்டையில் தம்பி வீட்டு விசேஷம். உக்கடத்தில் அவள் ஏறிய பஸ் கிணத்துக்கடவைத் தாண்டி லாரியில் மோதியது; அவள் உடல்தான் வீடு வந்தது.

அது தொண்ணூற்று நான்காம் வருஷம். போத்தனூரில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார் சென்னிமலை. பழகிய விரல்கள்; சடை பின்னுவது சீக்கிரமே கைவந்தது. "மோட்டார் காயிலு கட்டறாப்பல முறுக்கிப்போட்டீங்களே! கரண்டு விட்டா புள்ளை சுத்த ஆரம்பிச்சுரும்," என்பாள் பக்கத்து வீட்டு வெங்கடம்மாள். மகள் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்கு நாள் முழுவதற்குமான தெம்பு.

மற்ற நேரமெல்லாம் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் விரல் நுனிகளில் சுண்ணாம்பு தொட்டதுபோல வெள்ளை விழுந்தது. பிறகு உதட்டோரம். பட்டறையில் அவருடைய டம்ளரைத் தனியாக வைத்தார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். மகளுக்கும் ஒட்டிவிடுமோ என்ற பயத்தைத்தான் தாங்க முடியவில்லை.

"அம்மணி, இனிமேல் வெங்கடம்மாக்காகிட்டச் சடை போட்டுக்க," என்றார். காரணம் சொல்லவில்லை.

சில நாள் போய்ப் போட்டுக்கொண்டவள், ஒரு காலையில் தலையை விரித்தபடி வந்து நின்றாள்.

"அம்மா எனக்குச் சடை போட்டுட்டுத்தான் போனாங்க, வரவே இல்லை. அதுக்காகத்தான் என்ர சடையைத் தொட மாட்டீங்கறீங்களாப்பா?"

அன்றைக்கே உக்கடத்துத் தோல் டாக்டர் அப்துல் வஹீதிடம் போய் நின்றார். டாக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஊட்டுல ஏதாச்சும் துக்கமுங்களா?" என்றார். சென்னிமலை சொன்னார்.

"தோலுக்கு நெறம் குடுக்கற அணுக்கள் இருக்குதுங்க. நோய் வந்தா அடிச்சு வெரட்டறதுக்கு ஒடம்புல ஒரு காவலும் இருக்குது. சிலரோட ஒடம்புக்கு இதுக்கு ஒரு வாகு இருக்குமுங்க. பெரிய துக்கம் வந்து மனசு நொந்தே கெடந்தா, அந்தக் காவலுக்கு ஆள் அடையாளம் தெரியாமப் போயிருது. சொந்த நெறத்தையே அடிச்சுப்போடுது."

"ஒட்டுமுங்களா?"

"ஒட்டவே ஒட்டாதுங்க."

"அப்ப புள்ளைக்குச் சடை போடலாங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "போடாம இருந்து வருத்தப்படறீங்களே, அதுதானுங்க இதுக்கு ஆகாது. மருந்து நான் தாரேன். சடையை நீங்க போடுங்க."

மறுநாள் காலையில் அவரே சீப்பை எடுத்துவைத்துக்கொண்டு கூப்பிட்டார். லோகப்பிரியா ஓடிவந்து உட்கார்ந்தாள். கருங்கூந்தலுக்குள் வெள்ளை விரல்கள் போய் வந்தன. "வெங்கடம்மாக்கா இழுத்துக் கட்டுனா கண்ணே மேல போயிருதுங்கப்பா," என்றாள்.

வலக்கையில் நிறம் புள்ளி புள்ளியாகத் திரும்பியது. இடக்கையில் வரவேயில்லை. லோகப்பிரியா கல்லூரிக்குப் போனாள். ரிப்பன் போய் ரப்பர் பேண்டு வந்தது. அதையும் பல்லில் கடித்துக்கொண்டுதான் அப்பாவுக்கு முதுகைக் காட்டி உட்காருவாள்.