சாணித்தண்ணீர் பாய்ந்த சோளம்

தொழுவம் கழுவும் தண்ணீரைத் தங்கச்சி தொட்டியில் தேக்கி, குழாய் போட்டு அண்ணனின் சோளக் கொல்லைக்குத் திருப்பிவிட்ட நாளிலிருந்து அவனுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. நிலம் அவன் பொறுப்பு, மாடு அவள் பொறுப்பு. அப்பா அப்படித்தான் பிரித்துவிட்டுப் போனார். இப்போது இவள் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, வந்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சட்டம் பேசினாள்.

"யூரியா ஒரு பிடிகூட வேணாம். சாணித்தண்ணியே தாராளம்."

"அப்ப இருபது வருஷமா நான் மண்ணாங்கட்டியா விதைச்சேன்?"

"விதைச்சது சோளந்தான். கொட்டின உரத்துல பாதி வாய்க்காலோட போச்சு."

டீக்கடையில் அது வேறு மாதிரி வந்து சேர்ந்தது. "என்னப்பா, தங்கச்சி மாடு மூத்திரம் பேஞ்சாதான் உன் கொல்லை பச்சை பிடிக்குமாமே?" எல்லோரோடும் சேர்ந்து அவனும் சிரித்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

மறுநாள் அவள் பால் ஊற்றப் போயிருந்த நேரத்தில், இரண்டு மூட்டை யூரியாவைப் பிரித்து வீசினான். வெயில் கொளுத்திய மாதம். வாடிக் கிடந்த சோளம் ஒரு தூறல் விழுந்ததும் கரும்பச்சையாய்க் கிளம்பியது.

"பார்த்தியா? உரமே இல்லாம!" என்று அவள் சோளத்தோகையைத் தடவிப் பார்த்தாள். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். அரிவாளை எடுத்து, தொழுவத்துக்குக் கட்டுக் கட்டாக அறுத்துப் போட்டான்.

மதியத்துக்குள் செவலைப் பசு தள்ளாடியது. பக்கத்தில் சினையாய் நின்ற கறுப்பிக்கும் மூச்சு இரைத்தது. தங்கச்சி மாட்டு டாக்டருக்குப் போன் போட்டு, சத்தமாகக் கேட்கும்படி வைத்தாள்.

"சோளத்துல ரெண்டு விஷம் உண்டும்மா," என்றார் டாக்டர். "பயிரு வாடினா ஒண்ணு, உரம் மிஞ்சினா ஒண்ணு. மருந்து வேற வேற. யூரியா போட்டீங்களா? போட்டிருந்தா நீல மருந்து வேணும், என்கிட்ட இல்ல. கடையில வாங்கிட்டுத்தான் வரணும்."

"சத்தியமா போடல டாக்டர். வெறும் சாணித்தண்ணி."

"சரி, இருக்கிற மருந்தோட கிளம்பறேன்."

அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். சொன்னால் ஆயுசு முழுக்க இவள் வாயில் விழ வேண்டும். டீக்கடைக்காரன் பெஞ்சைத் துடைத்துப்போட்டுக் காத்திருப்பான். டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

கால் மணி நேரம் போனது. செவலை முன்னங்கால் மடங்கிச் சாய்ந்தது. அதன் ஈறு வெளிறி, நீலம் பாய்ந்து கிடந்தது. அடுத்து கறுப்பியின் பின்னங்கால்கள் நடுங்கின.

அவன் போனைப் பிடுங்கி டாக்டரை மறுபடி கூப்பிட்டான்.

"டாக்டர், யூரியா போட்டிருக்கு. ரெண்டு மூட்டை. நான்தான் போட்டேன்."

"அடப்பாவி! பாதி வழி வந்துட்டேனேய்யா!" வண்டியைத் திருப்பும் சத்தம் கேட்டது.

தங்கச்சி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தீனித்தொட்டியில் கிடந்த மிச்சச் சோளத்தை அள்ளி வெளியே எறிந்தாள். "கிட்ட வராத," என்றாள். அவன் அங்கேயே நின்றான்.

டாக்டர் வந்தபோது செவலை விறைத்துவிட்டிருந்தது. நீல மருந்து ஏறிய கறுப்பி பொழுது சாயும் முன் எழுந்து நின்றது. "கால் மணி முன்னால சொல்லியிருந்தா ரெண்டுமே எழுந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு அவர் ஊசியைக் கழுவினார்.

தங்கச்சி அழவில்லை. கடப்பாரையைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டாள்.

"ஆள் கூப்பிடாத. நீயே தோண்டு."

அவன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தான்.

"அங்க இல்ல," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "அந்த மண்ணுக்கு உரம் ஏற்கெனவே ஜாஸ்தி."

வேலியோரம் பாறை மாதிரி இறுகிக் கிடந்த தரையில் அவன் முதல் குத்துக் குத்தினான். பொறி பறந்தது.