ரீஃபண்டு சம்ப்

...விழுகிறது, அடேயப்பா, எப்படி விழுகிறது பார், மொட்டை மாடியிலிருந்து குழாய் வழியாக இறங்கி, தரைக்கடியில் கட்டிய சம்புக்குள் தடதடவென்று கொட்டும் இந்தச் சத்தத்தை அந்த கில்பர்ட் கேட்க வேண்டும், காதைப் பிடித்து இழுத்து வந்து இந்த மூடிக்குப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்... மௌரீன் புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் குடையோடு, பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் குனிந்து நின்றாள். கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் எல்லாம் போயாயிற்று, அவளும் காக்ஸ் டவுன் மார்க்கெட் வரை நடந்து போயாயிற்று, அங்கே மழை பிடித்துக்கொண்டதும் பஸ்ஸாவது மண்ணாவது என்று திரும்பி ஓடி வந்துவிட்டாள், ரிட்டயர் ஆகப் போகிற வயதில் மழையில் ஓடும் டீச்சரைப் பார்த்து ஆட்டோக்காரன் சிரித்தான், சிரிக்கட்டும், அவனுக்கு என்ன தெரியும், இது சம்ப் கட்டி முடித்த பிறகு வந்த முதல் பெரிய மழை என்று அவனுக்கு யார் சொன்னார்கள்... கூரையைக் கழுவிக்கொண்டு வந்த அழுக்குத் தண்ணீரை முதலில் வெளியே விட்டாள், பிறகு வால்வைச் சம்ப் பக்கம் திருப்பினாள். தண்ணீர் வராமல் போயிருந்தால்? ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சேர்ந்து போட்ட பணம், அவள் பேச்சை நம்பிப் போட்ட பணம், நாளைக்கு எந்த முகத்தோடு அங்கே போய் உட்காருவது? வரவேண்டியது வந்துவிட்டது, மாதாவே, ஸ்தோத்திரம்.

எல்லாம் ஒரு கையெழுத்தில் ஆரம்பித்தது, இல்லை, கையெழுத்துப் போட்டு வைக்கும் அந்தப் பழக்கத்தில் ஆரம்பித்தது, இந்தப் பள்ளிக்கூடத்தில் சர்க்குலர் வந்தால் யார் படிக்கிறார்கள், பியூன் நோட்டை நீட்டினால் ஒரு கிறுக்கல், அவ்வளவுதான். அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் கேரல் பயிற்சி நடந்துகொண்டிருந்தது, பழைய வரி முறை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுங்கள் என்று அக்கவுண்டன்ட் ஷெர்வின் அனுப்பிய சர்க்குலரில் அத்தனை பேரும் பாடிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள், எழுதிக் கொடுத்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால் புது முறைப்படி, வீட்டு வாடகை, இன்ஷூரன்ஸ் எதுவும் கழியாமல் சம்பளத்தில் வரியைப் பிடித்து எடுத்துவிட்டார்கள், ஐயோ அப்பா என்று அலறினார்கள், அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு மறந்தும் போனார்கள். அந்தக் கோடையில்தானே பெங்களூரே தண்ணீருக்கு அலைந்தது, பள்ளி போர்வெல் வற்றி, கழிவறையைப் பூட்டி, பெரிய பெண்பிள்ளைகள் காலையிலிருந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்து, மதியமே தலைவலி என்று வீட்டுக்குப் போய்... அதைப் பார்த்துக்கொண்டு எப்படி பாடம் நடத்தினேன் நான்? பழைய முறைப்படி ரிட்டர்ன் போட்டு, கூடுதலாகப் பிடித்த வரி ரீஃபண்டாகத் திரும்பி வந்தது ஆகஸ்டில், ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொரு போனாக டிங் டிங், லாட்டரி விழுந்தது போல எல்லோர் முகத்திலும் பல். அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது, எழுந்து நின்று சொல்லியும் விட்டாள், "இந்தக் காசு இல்லாமலே இவ்வளவு நாள் ஓட்டிட்டோம் இல்ல? யாராவது பட்டினி கிடந்தோமா? எல்லாத்தையும் ஒண்ணா போட்டா மழைத்தண்ணிக்கு ஒரு சம்ப் கட்டலாம்ப்பா."

கணக்கு வாத்தியார் கில்பர்ட்தான் குதித்தார். "என்ன மௌரீன், அது கவர்மென்ட் குடுத்த போனஸா? என் காசு, வட்டியில்லாம கடன் வாங்கிட்டு இப்பதான் திருப்பிக் குடுத்திருக்காங்க. தண்ணி குடுக்கத்தானே ஏற்கெனவே டாக்ஸ் கட்டறோம்? ரெண்டாவது தடவை வேற நான் ஏன் கட்டணும்?" நியாயம்தான், நியாயமில்லை என்று யார் சொன்னது, ஆனால் நியாயத்தைக் குடத்தில் பிடித்து வைக்க முடியுமா? தனித்தனியாக விட்டால் இது ஒருத்தருக்குப் போன், ஒருத்தருக்கு வேளாங்கண்ணி டிரிப், தீபாவளி தள்ளுபடியில் ஒரு மிக்ஸி, பிப்ரவரிக்குள் சுவடே இருக்காது, ஒன்றாகச் சேர்த்தால் இருநூறு பெண்பிள்ளைகள் பயமில்லாமல் தண்ணீர் குடிப்பார்கள்... அவள் பேசப் பேச ஒவ்வொரு கையாக உயர்ந்தது, ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் கில்பர்ட்டும் மூக்கைச் சொறிவது போல ஒரு கையைத் தூக்கினார். அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஜெயித்துவிட்டாய் மௌரீன், பேசியே ஜெயித்துவிட்டாய், இதோ தண்ணீர் பாதிக்கு மேல் ஏறிவிட்டது, டார்ச் வெளிச்சத்தில் பளபள என்று... நாளைக்கு அசெம்பிளியில் சொல்ல வேண்டும், இல்லை, வேண்டாம், பிள்ளைகளையே வரிசையாக அழைத்து வந்து காட்ட வேண்டும்.

யாரோ ஸ்கூட்டரை நிறுத்தும் சத்தம். ரெயின்கோட்டில் லீனா, ஜீவனஹள்ளியிலிருந்து வரும் சயின்ஸ் டீச்சர், இரண்டு கையிலும் காலித் தண்ணீர் கேன். மௌரீனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வா லீனா, சத்தத்தைக் கேளு, என்று மௌரீன் கூவினாள், லீனாவும் எட்டிப் பார்த்துச் சிரித்தாள், உண்மையான சிரிப்புதான், அதில் சந்தேகமில்லை. பிறகு மெதுவாக, "மிஸ், ரெண்டு கேன் எடுத்துக்கட்டுமா? குடிக்க இல்ல, பாத்திரம் கழுவத்தான். மூணு நாளா டேங்கர் வரல." உங்க பில்டிங்கில் போர்வெல் இருக்கிறதே என்று கேட்டிருக்க வேண்டாம், கேட்டுவிட்டாள். "போன வருஷமே வத்திடுச்சு மிஸ். நாலு வீடும் சேர்ந்து ஆழப்படுத்தலாம்னு பேசினோம். ரீஃபண்டு வந்ததும் என் பங்கைத் தரேன்னு சொல்லியிருந்தேன், அது இங்க போச்சா, அங்க அப்படியே நின்னுபோச்சு. பரவால்ல மிஸ், பிள்ளைங்களுக்கு ஆச்சே." அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே லீனா... "எல்லாரும் கை தூக்கிட்டாங்களே மிஸ்."

வாளியை இறக்கி இரண்டு கேனையும் மௌரீனே நிரப்பினாள், லீனா வேண்டாம் வேண்டாம் என்றும் விடவில்லை, ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒன்றும் பின்சீட்டில் ஒன்றுமாக வைத்துக் கட்டிக் கொடுத்தாள். தேங்க்ஸ் மிஸ், என்றாள் லீனா, இருக்கட்டும்மா, என்றாள் இவள், வண்டி கேட்டைத் தாண்டிப் போய்விட்டது. மழை விடவில்லை, சம்ப் விளிம்பு வரை வந்துவிடும் போலிருந்தது, கில்பர்ட்டுக்குப் போன் போட்டு இந்தச் சத்தத்தைக் கேட்கவைக்க வேண்டும், இப்போதே போட வேண்டும்... நாலு வீட்டுக்குக் கிடைத்திருக்கும் தண்ணீர், இருநூறு பிள்ளைகளுக்குக் கிடைத்த தண்ணீர், இரண்டையும் எந்தத் தராசில் நிறுத்துப் பார்ப்பது, பிள்ளைகள் பக்கம்தான் தாழும், நிச்சயமாகத் தாழும், இப்போது கேட்டாலும் அதையே சொல்வாள்... ஆனால் லீனா தன் காசில் பிடித்த தண்ணீரை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறாள், நானும், இருக்கட்டும்மா என்று, எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்.