ஆறாம் பாகத்துக்குப் பிறகு ஐந்தாம் பாகம்

1

ஒரு வாக்கியத்தை எழுத முடியாததால் தொடங்கிய கதை இது: புத்தகம் வாங்கிவர என் அண்ணனைச் சிரம்பானுக்கு அனுப்பியது நான்தான். எழுதிவிட்டேன். ஆனால் ‘நான்’ என்று போட்டால் அடுத்த வரிக்குக் கை நகர மறுக்கிறது. ஆகவே நான் இங்கே ‘அவள்’: லெட்சுமி, வயது பதினைந்து. அண்ணனுக்கு இருபது. [அர்ச்சுனன் என்ற பெயரை மட்டும் மாற்ற மனம் வரவில்லை.]

2

முதல் தொடக்கம்: ‘மலாயாவில் அவசரகாலத்தின் நான்காம் ஆண்டு, ரப்பர்த் தோட்டத்து லயத்தைச் சுற்றி முள்வேலி போட்ட…’ வேண்டாம். வேலியைத் தொட்டால் கதை முழுக்க வேலிதான் நிற்கும்.

இரண்டாவது: தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டில் கழித்துப்போட்ட தாள்களுக்குள் ‘ஆழிக்கோட்டை’ நாவலின் முதல் பாகம் கிடந்தது. கடலுக்கடியில் ஒரு நாடு, செங்கதிரன் என்றொரு வீரன். அங்கே தன் பெயரை மறந்தவன் மீனாகிவிடுவான். ரப்பர்ப் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, மத்தியானங்களில் லெட்சுமி அதைச் சத்தமாக வாசிப்பாள். எழுத்தறியாத அர்ச்சுனன் சிரிப்பான்.

“மீனு பேசுதாம்! உனக்கு மண்டை கழண்டுபோச்சு.”

மூன்றாம் நாள் அவனே வந்து நின்றான். “அந்தச் செங்கதிரன் தப்பிச்சானா? சொல்லிட்டுச் சோறு தின்னுலா!”

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொண்டுபோகக் கூடாதென்று காலையில் கேட்டில் போலீஸ்காரர்கள் எல்லாரையும் தடவிப் பார்ப்பார்கள். வரிசையில் அவன் அவள் காதருகே குனிவான். “தங்கச்சி, பேரைச் சொல்லிக்கிட்டே இரு. மீனாயிடப் போறே.”

3

அடுத்த பாகங்களைச் சிரம்பான் கடையில் அவன்தான் ஒவ்வொன்றாக வாங்கிவந்தான். ஐந்தாம் பாகம் வாங்கப் போனவன் ஆறாம் பாகத்தோடு வந்தான். கடையில் இரண்டும் இருந்தனவாம்.

“ஏண்ணே, இது ஆறுலா!”

“இதுலதான் குதிரைப் படம் நல்லா இருந்துச்சு. படி.”

பாதியிலேயே செங்கதிரன் செத்துப்போனான். அர்ச்சுனன் எழுந்து வெளியே போய்விட்டான். மறுமாதம் ஐந்தாம் பாகம் வந்தது. முதல் பக்கத்தில் செங்கதிரன் ஆற்றில் குதிரையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

“பாத்தியா, வந்துட்டான்!”

“வரலைண்ணே. இது முந்தி நடந்தது.”

“முந்தியோ பிந்தியோ. இப்ப உயிரோட இருக்கான்ல? மெதுவாப் படி.”

[அந்தப் பாகத்தை மட்டும் மூன்று முறை வாசிக்க வைத்தான்.]

4

எட்டாம் பாகம்தான் கடைசி. கடைக்கு வந்துவிட்டதென்று கேள்விப்பட்டதும் லெட்சுமி நச்சரித்தாள்.

“அடுத்த வாரம் போறேன்லா.”

“வித்துப்போயிடும். இன்னிக்கே போண்ணே” என்றாள் லெட்சுமி.

இல்லை. நான் சொன்னேன்.

லாரியில் ஏறினான். ஏழாம் மைல் வளைவில் காட்டுக்குள்ளிருந்து சுட்டார்கள். லாரி திரும்பி வந்தபோது அவன்…

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். லாரி பழுதாகி நிற்கிறது. அல்லது எனக்குக் காய்ச்சல், அண்ணன் போகவில்லை. எல்லாவற்றிலும் நான் அவனைப் போகச் சொல்லாதவளாகிவிடுகிறேன். கிழித்துப்போட்டேன்.

5

மேலே நான்காம் பகுதியில் எழுதியது நடந்தது. அதை அழிக்கமாட்டேன். ஆனால் அதற்கு முந்தின நாள் ஒன்று இருக்கிறது. அதை இங்கே வைக்கிறேன்.

ஞாயிறு. வேலையில்லை. சுருட்டிய பாயில் தலைவைத்துப் படுத்திருக்கிறான். ஏழாம் பாகத்தில் இன்னும் பத்துப் பக்கம் பாக்கி.

“அண்ணே, தூங்கிட்டியா?”

“கண்ணைத்தான் மூடியிருக்கேன். காது தொறந்துதான் இருக்கு.”

பக்கத்தைத் திருப்புகிறேன். மறுநாளை நீங்கள் வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இங்கே பத்துப் பக்கம் வாசிக்க வேண்டியிருக்கிறது, மெதுவாக.